ஊரில் கண்புரை ஆபரேஷனா? டிக்கெட் போடும் முன் கீறலின் அளவைக் கேளுங்கள்

லீவில் ஊருக்குப் போகும்போது கண்புரை ஆபரேஷனையும் முடித்துக்கொண்டு வர நினைப்பவர்கள், எந்த முறை, எத்தனை மில்லிமீட்டர் கீறல் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. எவ்வளவு நாள் தங்க வேண்டும் என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

முன்பெல்லாம் 10 முதல் 12 மி.மீ. வரை திறந்து, புரையை எடுத்துத் தையல் போடுவார்கள். இப்போது அது அரிது. மதுரை அரவிந்த் போன்ற மருத்துவமனைகளில் இரண்டு முறைகளே அதிகம். எஸ்ஐசிஎஸ் எனப்படும் சிறு கீறல் முறையில் வெண்விழியில் 6, 7 மி.மீ. அளவில் சாய்வாகச் சுரங்கம் போல வெட்டுவார்கள். கண்ணின் உள்ளழுத்தமே அதை மூடிவிடும், பெரும்பாலும் தையல் வேண்டாம். இன்னொரு முறையான பேக்கோவில் அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சுவதால் 2.2 முதல் 2.8 மி.மீ. போதும். புரைக்குப் பதிலாக வைக்கும் செயற்கை லென்ஸ் மடிந்து உள்ளே போய் விரியும்.

கீறல் பெரிதாக இருந்தால் கருவிழியின் வளைவு சற்று மாறி, சிலிண்டர் பவர் (வளைவு சீராக இல்லாததால் வரும் பவர்) கூடலாம். கண்ணாடி பவர் நிலைக்க பேக்கோவுக்குச் சுமார் 4 வாரம், எஸ்ஐசிஎஸ்ஸுக்கு 6 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2.8-க்கும் 2.2-க்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. அதற்காகவே விலை கூடிய பேக்கேஜ் எடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

அம்மா அப்பாவுக்குப் புரை முற்றிப் பழுப்பாகியிருந்து, டாக்டர் எஸ்ஐசிஎஸ் என்றால், 'மலிவானதைத் தலையில் கட்டுகிறார்கள்' என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டியான புரையை உடைக்க அதிக அல்ட்ராசவுண்ட் சக்தி வேண்டும். அது கருவிழியின் உள்பக்கச் செல்களைப் பாதிக்கக்கூடும். அப்படிப்பட்ட கண்ணுக்கு பேக்கோவைவிடப் பெரிய எஸ்ஐசிஎஸ் கீறலே பாதுகாப்பாக இருக்கலாம்.

ஆபரேஷனைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள். விமானத்தில் பறப்பதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால் கிருமித்தொற்று வந்தால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்தில்தான் தெரியும், அப்போது டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். வலி, சிவப்பு, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே ஓடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், உள்ளே வைக்கும் லென்ஸுக்காகக் கண்ணை அளவெடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆபரேஷனின்போது கண்பாப்பா சுருங்கிவிடலாம்.

அப்புறம், சொட்டு மருந்து சில வாரம் தொடரும். முழுக் காலத்துக்கும் வாங்கி, மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். லென்ஸின் மாடலும் பவரும் ஒட்டிய அட்டையை வாங்காமல் கிளம்பாதீர்கள். அடுத்த கண்ணை வெளிநாட்டில் செய்தால் அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.