பொம்மை கார், பொம்மை வீரன்: மூல மாதிரி செய்யும் பழைய கைவேலை

1970, 80களில் பொம்மைகளின் மூல மாதிரிகள் மரத்திலும் மெழுகிலும் கையால் செய்யப்பட்டன. அழகு அதில் இரண்டாம்பட்சம்தான். உருக்கு அச்சுக்குள் வார்த்த பொம்மை சிக்காமல் வெளியே வருமா என்பதைக் கத்தி எடுக்கும்போதே யோசித்தாக வேண்டும்.

கார் என்றால் மாதிரி நிஜப் பொம்மையைப் போல 4 மடங்கு. 75 மி.மீ. காருக்கு 300 மி.மீ. மரக்கட்டை. ஜெலுடாங் மரம் நல்லது. ரேகை தெரியாது, எந்தப் பக்கம் செதுக்கினாலும் பிசிறடிக்காது. பேன்டோகிராஃப் மெஷினின் ஒரு முனை இந்த மாதிரியைத் தடவிப் போக, மறுமுனையில் உள்ள கட்டர் அதே அசைவை நாலில் ஒன்றாகச் சுருக்கி உருக்கில் வெட்டும். மாதிரியில் 0.4 மி.மீ. கீறல் இருந்தால் அச்சில் அது 0.1 மி.மீ. பெரிதாகச் செய்வதன் லாபமே இதுதான்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. கட்டர் 1 மி.மீ. விட்டம் என்றால் தடவும் முனை 4 மி.மீ. இருக்க வேண்டும். ஆகவே மாதிரியின் உள்மூலைகளில் 2 மி.மீ.க்குக் குறைந்த வளைவு வைத்தால் முனை அங்கே நுழையாது, வேலை வீண். கதவுக் கோடுகளையும் நிஜக் காரின் கணக்கில் வெட்டக் கூடாது. அந்த மெல்லிய கோடு பெயின்ட் அடித்ததும் மூடிக்கொள்ளும்; கண்ணுக்குச் சற்றுத் தடிப்பாகப் பட்டால்தான் சரி.

நிமிர்ந்த சுவர்களுக்கு 1 முதல் 2 டிகிரி சாய்வு கொடுங்கள். 40 மி.மீ. உயரத்தில் 1 டிகிரி என்பது 0.7 மி.மீ.தான், பார்ப்பவர் கவனிக்க மாட்டார். சிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மாதிரியை இருட்டில் வைத்து, அச்சு திறக்கும் திசையிலிருந்து தள்ளி நின்று டார்ச் அடியுங்கள். பிரியும் கோட்டுக்கு (அச்சின் இரு பாதிகள் சேரும் இடம்) மேலே நிழல் விழும் இடமெல்லாம் மாட்டும்.

வீரன் பொம்மைக்குக் கடின மெழுகு. 95 மி.மீ. உருவத்தை இரட்டிப்பாகச் செய்தால் 190. ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஆறும்போது சுமார் 0.5 சதவீதம் சுருங்கும் என்பதால் 191 என்று வையுங்கள். தலை, உடல், கை, கால் எல்லாம் தனித்தனியாகச் செதுக்க வேண்டும். தலையில் பிரியும் கோட்டைக் காதின் வழியே ஓட்டினால் முகத்தில் தழும்பு தெரியாது. காதின் பின்பள்ளத்தை மட்டும் மெழுகால் அடைத்துவிடுங்கள்.

மெழுகு உடையும், அதனால் ஊற்றினால் இறுகும் ரெசினில் காப்பி எடுக்க வேண்டும். அதற்கு முதலில் சிலிக்கான் ரப்பரில் ஓர் அச்சு. உருவத்தைப் பாதி வரை களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் 12 மி.மீ. இடம் விட்டுப் பெட்டி கட்டுங்கள். களிமண்ணில் நாலைந்து குழி போட்டால் இரண்டு பாதிகளும் பிறகு நகராமல் பொருந்தும். டின் (வெள்ளீயம்) வகை சிலிக்கானில் பெரும்பாலும் எடைக்கணக்கில் 10க்கு 1 கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் திரவம்): 250 கிராமுக்கு 25. கண்ணளவில் ஊற்றினால் அங்கங்கே பிசுபிசுவென்று நிற்கும். பெட்டியின் ஒரு மூலையிலிருந்து நூல் போல ஊற்றுங்கள், குமிழி குறையும். பிளாட்டினம் வகை வாங்கினால் கந்தகம் கலந்த களிமண் கூடாது. தொட்ட இடம் இறுகாது.

ஒரு நாள் கழித்துத் திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, சிலிக்கான் முகத்தில் மெல்லிசாக வாஸ்லின் தடவிய பிறகே இரண்டாம் பாதியை ஊற்ற வேண்டும். மறந்தால் இரண்டும் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பாலியூரித்தேன் ரெசின் பல பிராண்டுகளில் சரிக்குச் சரி கலவை, இறுகத் தொடங்கும் முன் கையில் கிடைக்கும் நேரம் 3 நிமிடம் போல. அச்சில் டால்கம் பவுடர் தூவித் தட்டிவிட்டு ஊற்றினால் விரல் நுனிவரை ஓடும். நுனிகளிலிருந்து மேலே காற்றுத் துளையும் வேண்டும். ரெசின் பொங்கி நுரைத்தால் காரணம் ஈரம்: மழைநாள், மூடாத டப்பா, மரக்குச்சி.

முதல் காப்பியில் மெழுகுத் துணுக்கு ஒட்டி வரும், அதை ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவதில் சாம்பல் நிற பிரைமர் அடித்துக் கீறல் பார்த்து, தேறியதை அச்சுப் பட்டறைக்குக் கொடுக்கலாம். பெயின்ட் அடித்துக் கடைக்காரர்களிடம் காட்டுவதற்குப் பிந்திய காப்பிகள் போதும்.