ஆமைத் தொட்டியைத் தூய்மையாகவும் ஆமையை நலமாகவும் வைத்திருக்கும் முறை

வீட்டில் வளர்க்கப்படும் நீர்வாழ் ஆமைகளுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை தொட்டியிலிருந்தே தொடங்குகின்றன. ஓடு அழுகுதல், கண் வீங்குதல், நுரையீரல் அழற்சி ஆகியவற்றுக்குப் பின்னால் கெட்டுப்போன நீரோ, போதாத வெப்பமோ, பொருந்தாத உணவோ பெரும்பாலும் இருக்கும். இதை அறிந்தவுடன் பலர் செய்வது, வாரந்தோறும் தொட்டியை முழுவதுமாகக் காலி செய்து, கண்ணாடி முதல் வடிகட்டியின் பஞ்சு வரை எல்லாவற்றையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவிப் புது நீர் நிரப்புவதாகும். அன்றைக்குத் தொட்டி பளிச்சென்று இருக்கும். ஆனால் சில நாட்களிலேயே நீர் மறுபடியும் கலங்கிவிடும், பல வேளைகளில் முன்பைவிட மோசமாகவே கலங்கும். அப்படி ஏன் நிகழ்கிறது என்று தெரிந்துகொண்டால், பராமரிப்பு வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

ஆமையின் கழிவிலிருந்தும், அது தின்னாமல் விட்ட உணவு அழுகுவதிலிருந்தும் நீரில் அம்மோனியா சேர்கிறது. நீர் தெளிவாகத் தோன்றும்போதுகூட அம்மோனியா அதில் கலந்திருக்கக்கூடும். அளவு மிகுந்தால் ஆமையின் கண்களையும் தோலையும் அரிக்கும். வடிகட்டியின் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை, நச்சுத்தன்மை உடைய அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு ஒப்பீட்டளவில் மிகக் குறைவு. அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றினாலே அது கட்டுக்குள் இருக்கும். புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். குளோரின் கலந்த குழாய் நீரில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவிவிட்டால், அவற்றில் பெரும்பகுதி அழிந்து, தொட்டி மறுபடியும் முதல் வாரத்து நிலைக்கே வந்துவிடுகிறது. புதிதாக அமைத்த தொட்டியில் நீர் வெண்மையாகக் கலங்குவதும் இந்தச் சமநிலை இன்னும் அமையாததால்தான். உணவைக் குறைத்து, நீரைச் சிறிது சிறிதாக மாற்றி வந்தால் அது தானே தெளியும்.

மீன் தொட்டிகளுக்காக விற்கப்படும் நீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகவும், நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 40 பங்கு) அளவுக்குக் கீழாகவும் இருந்தால் நீர் நன்றாக இருக்கிறது என்று பொருள். கண்ணும் மூக்கும் சொல்வதைவிட இந்த மூன்று எண்களை நம்பலாம்.

தொட்டியும் வடிகட்டியும்

கடைகளில் நாணய அளவில் விற்கப்படும் குட்டி ஆமை அந்த அளவிலேயே இருந்துவிடாது. உலகெங்கும் மிகுதியாக வளர்க்கப்படும் ரெட் இயர்ட் ஸ்லைடர் இனத்தில் பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 செ.மீ. வரை வளரும்; நல்ல பராமரிப்பில் அது 20, 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஏறத்தாழ 40 லிட்டர் நீர் வேண்டும் என்பது வளர்ப்போர் பின்பற்றும் பொதுக் கணக்கு. அதன்படி 20 செ.மீ. நீள ஆமைக்கு 320 லிட்டர் தேவைப்படும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்பதால், கண்ணாடியையும் சேர்த்து அந்த எடையைத் தாங்கும் மேடையை முதலிலேயே அமைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட சிறு கிண்ணங்களை ஆமையின் வீடு என்று சொல்லி விற்பதை ஏற்க முடியாது. கையளவு நீரில் கழிவு சேரும் வேகத்துக்கு எந்தப் பராமரிப்பும் ஈடுகொடுக்காது.

நீரின் ஆழம் ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. ஆமை கவிழ்ந்துபோனால் தானாகத் திரும்புவதற்கு அந்த ஆழம் உதவும். அடித்தளத்தில் சிறு கூழாங்கற்களைப் பரப்பக் கூடாது. ஆமை அவற்றை விழுங்கிக் குடல் அடைபடலாம் என்பது ஒரு காரணம். கற்களின் இடுக்குகளில் கழிவு தேங்கி அழுகுவது மற்றொன்று. அடித்தளத்தை வெறுமையாக விடுவதே துப்புரவுக்கு எளிது; அழகுக்காக ஏதாவது வேண்டுமென்றால், ஆமையின் தலையைவிடப் பெரிய வழவழப்பான கற்கள் சிலவற்றை வைக்கலாம்.

வடிகட்டி வாங்கும்போது அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவு மீன்களை எண்ணிச் சொல்லப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆமை வெளியேற்றும் கழிவு மீன்களின் கழிவைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், தொட்டியில் உள்ள நீரைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு கொள்ளளவுக்கு உரிய வடிகட்டியே பொருந்தும். பெரிய தொட்டிகளுக்கு, வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் மற்ற வகைகளைவிட ஏற்றது. விலை கூடுதல்தான், ஆனால் ஆமைத் தொட்டியில் பணத்தைச் செலவிட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதனுள் நீர் முதலில் முரட்டுப் பஞ்சையும், அடுத்து மென்பஞ்சையும், கடைசியில் பீங்கான் வளையங்களையும் கடந்து செல்லுமாறு அடுக்க வேண்டும்.

நீரோட்டம் தளரும்போது பஞ்சு அடைபட்டிருக்கிறது என்று அறியலாம். அப்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் நிரப்பி, அதிலேயே பஞ்சை அலசிப் பிழிய வேண்டும். குழாய் நீரும் சோப்பும் கூடாது. பஞ்சையும் வளையங்களையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாமல் சில வார இடைவெளி விட்டுச் செய்தால், பாக்டீரியாக்களில் ஒரு பகுதி எப்போதும் தப்பிப் பிழைத்திருக்கும். வடிகட்டியை இரவில் நிறுத்திவைப்பதும் தவறு. ஓடும் நீர் கொண்டுவரும் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும்.

நீரை மாற்றும் முறை

வாரம் ஒருமுறை, தொட்டி நீரில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றினால் பொதுவாகப் போதும். தொட்டி சிறியதாகவோ ஆமை பெரியதாகவோ இருந்தால் பாதி வரை மாற்ற வேண்டியிருக்கும். தொடங்குமுன் ஹீட்டரையும் வடிகட்டியையும் மின்னிணைப்பிலிருந்து பிரித்துவிட வேண்டும். நீருக்கு வெளியே வந்த கண்ணாடி ஹீட்டர் சூடாகி வெடிக்கும். ஈரமான கைகளும் மின்சாரமும் சேர்வதில் உள்ள ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயின் வாயை அடித்தளத்தில் மெல்ல நகர்த்தி, தேங்கிய கழிவோடு நீரை வெளியேற்றலாம். நீர் இறங்குவதற்காகக் குழாயை வாயால் உறிஞ்சவே கூடாது. கையால் அழுத்தும் குமிழுள்ள சைஃபன் வாங்கினால் அந்தத் தேவையே எழாது.

புதிதாக ஊற்றும் நீர், தொட்டி நீரின் வெப்பநிலைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். குளோரின் நீக்கப்பட்டிருக்கவும் வேண்டும். குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் வெளியேறிவிடும். ஆனால் சில நீர் வழங்கல்களில் பயன்படுத்தப்படும் குளோரமின் அப்படி எளிதில் போகாது. அங்கே குளோரின் நீக்கித் திரவம் கலப்பதே வழி. நீர் ஆவியாகிக் குறைந்ததை ஈடுசெய்ய மேலே ஊற்றுவதை நீர் மாற்றமாகக் கணக்கிடக் கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே. நைட்ரேட்டும் உப்புகளும் தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் அடர்ந்துகொண்டிருக்கும்.

நீர் பச்சையாக மாறினால் வெளிச்சமும் நைட்ரேட்டும் மிகுந்திருக்கின்றன. தொட்டியை நேரடி வெயில் விழாத இடத்துக்கு மாற்ற வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால், எங்கோ ஓர் இடுக்கில் கழிவு காற்றின்றிச் சிதைந்துகொண்டிருக்கிறது. கண்ணாடியில் படியும் வெண்ணிற உப்புக் கறையை வினிகர் தோய்த்த துணியால் துடைத்துப் பின் நன்கு அலசலாம்.

உணவு, வெளிச்சம், வெப்பம்

நீர் விரைவில் கெடுவதற்கு மிகப் பெரிய காரணம் மிகையான உணவு. மனிதரைக் கண்டவுடன் நீந்தி வந்து கைகால்களை அசைப்பது பசியின் அடையாளமன்று. உணவு தருபவரை அடையாளம் கண்டுகொண்டதன் விளைவு. ஒரு வேளைக்குரிய துகளுணவு ஆமையின் தலை அளவுக்கு இருந்தால் போதும். குட்டிகளுக்கு நாள்தோறும் உணவு வேண்டும். வளர்ந்தவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று நாளைக்கு ஒருமுறை துகளுணவு போதும், இடைநாட்களில் இலைகளைத் தரலாம். கால்களை உள்ளே இழுக்கும்போது ஓட்டின் இடுக்கில் சதை பிதுங்கினால் உணவு அதிகமாகிவிட்டது. ஸ்லைடர் வகை ஆமைகள் குட்டிப் பருவத்தில் புரதத்தை நாடும். வளர்ந்தபின் அவற்றின் உணவில் பெரும்பகுதி தாவரமாக இருக்க வேண்டும். நீர்ப்பாசி, வாத்துப்பாசி, ரோமெய்ன் லெட்டூஸ், துருவிய கேரட் ஆகியவை ஏற்றவை. பசலை வகைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியம் உடலில் சேர்வதைத் தடுப்பதால் அவற்றை அரிதாகவே தர வேண்டும். உலர்ந்த இறாலை மட்டுமே தின்று வளரும் ஆமைக்குச் சத்துக்குறைவு உறுதி. கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றை நீரில் மிதக்கவிட்டால், கால்சியம் வேண்டும்போது ஆமை அதைக் கொறித்துக்கொள்ளும்.

நீர்வாழ் ஆமைகளால் நீருக்குள் இருக்கும்போதுதான் இயல்பாக விழுங்க முடியும். ஆகவே தனியான ஒரு பாத்திரத்தில் தொட்டி நீரை ஊற்றி, அதில் ஆமையை விட்டுக் கால் மணி நேரம் உணவளித்துவிட்டுத் திரும்பத் தொட்டியில் விடுவது நீரின் தூய்மைக்குப் பெரிதும் உதவும். கையால் தூக்கினால் அஞ்சும் ஆமையை இதற்கு வற்புறுத்த வேண்டாம். தொட்டியிலேயே உணவளித்து, மிச்சத்தைச் சிறு வலையால் உடனே அள்ளிவிடலாம்.

ஆமை முழுவதுமாக நீரைவிட்டு ஏறி உலர்வதற்கு ஒரு மேடை வேண்டும். எப்போதும் நனைந்தே இருக்கும் ஓட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் பற்றும். மேடையின் மேல் வெப்பம் 30 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரையும், நீரின் வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரையும் இருப்பது பெரும்பாலான இனங்களுக்கு ஏற்றது; நீர் மேடையைவிடக் குளிர்ந்திருந்தால்தான் ஆமை வெளியே ஏறும். வெப்ப விளக்கோடு, யூவிபி என்னும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கும் கட்டாயம் வேண்டும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகிக் கால்சியம் எலும்பிலும் ஓட்டிலும் சேரும்; இல்லாவிட்டால் ஓடு மென்மையாகி உருக்குலையும். கண்ணாடி யூவிபி கதிரைத் தடுத்துவிடும் என்பதால், சன்னலோர வெயில் இதற்கு மாற்றாகாது. தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு அதன்மேல் விளக்கை வைப்பதும் பயனற்றது. நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம் விளக்கு எரிய வேண்டும். ஒளி மங்காமல் இருந்தாலும் யூவிபி அளவு குறைந்துகொண்டே வரும். ஆகவே தயாரிப்பாளர் குறித்துள்ளபடி ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் விளக்கை மாற்றிவிட வேண்டும்.

நலக்குறைவின் அடையாளங்கள்

ஓட்டின் தகடுகள் மெல்லிய, ஏறக்குறைய ஒளி ஊடுருவும் ஏடுகளாக உரிவது வளர்ச்சியின் இயல்பு. அவற்றைப் பிய்த்தெடுக்கக் கூடாது. ஓட்டில் மென்மையான புள்ளிகளோ, குழிகளோ, துர்நாற்றமோ தோன்றினால் அது அழுகல். கண்கள் வீங்கி மூடிக்கொள்வது அம்மோனியா மிகுந்த நீராலோ வைட்டமின் ஏ குறைவாலோ நேரலாம். வைட்டமின் மருந்தின் அளவு மிகுந்தாலும் தீங்கு என்பதால், அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நீந்தும்போது ஒருபக்கமாகச் சாய்வதும், மூக்கில் குமிழி வருவதும், வாயைத் திறந்து மூச்சுவிடுவதும் நுரையீரல் அழற்சியைக் காட்டுவதால், ஒரு நாள்கூடக் காத்திராமல் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்ப்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வளர்ந்த பெண் ஆமை ஆண் துணை இல்லாமலும் முட்டையிடும். உணவை மறுத்துத் தொட்டியில் அமைதியின்றிச் சுற்றினால், ஈரமண் நிரப்பிய அகலமான பெட்டி ஒன்றைத் தர வேண்டும், இல்லாவிடில் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

நலமாக இருக்கும் ஆமையும் சால்மோனெல்லா பாக்டீரியாவைச் சுமந்திருக்கக்கூடும். குழந்தைகளுக்கு இதனால் நேர்ந்த நோய்களைக் கண்டுதான் அமெரிக்கா 1975ஆம் ஆண்டில், ஏறத்தாழ 10 செ.மீ.க்கும் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதற்குத் தடை விதித்தது. ஆமையையோ நீரையோ தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். வடிகட்டியையும் வாளிகளையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆமையைக் கையாளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனாலும் ஆமையைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடக் கூடாது. ரெட் இயர்ட் ஸ்லைடர், உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது; உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். பொறுப்பேற்கக்கூடிய வேறொருவரையோ விலங்குக் காப்பகத்தையோ தேடித்தான் ஒப்படைக்க வேண்டும்.

சில நாட்கள் வெளியூர் செல்ல நேர்ந்தால், நலமாக உள்ள வளர்ந்த ஆமை உணவின்றி மூன்று நான்கு நாட்கள் தாராளமாக இருக்கும். புறப்படுவதற்கு முந்தைய நாள் நீரை மாற்றி, விளக்குகளுக்கு டைமர் பொருத்தி, வடிகட்டியை ஓடவிட்டுச் செல்லலாம். கட்டியாகக் கரையும் உணவைப் போட்டுச் சென்றால் திரும்பும்போது நீர் கெட்டிருக்கும். அதற்கும் நீண்ட பயணமென்றால், ஒவ்வொரு வேளைக்கும் உரிய உணவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிவைத்து, வந்து பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.