எலுமிச்சம்பழத்தை நிலாவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள்

பிறை ஏன் தேய்கிறது என்று கேட்டால், "பூமியோட நிழல் விழுது" என்பார்கள் பலர். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கியே இருக்கிறது. ஆனால் இந்தச் சந்தேகம் தீர ஒரு மஞ்சள் எலுமிச்சம்பழமும் துடைப்பக்குச்சியும் போதும்.

முதலில் காலண்டரில் தேய்பிறை சஷ்டி முதல் அஷ்டமி வரை எந்தெந்த நாள் என்று பாருங்கள். அதில் ஒரு நாள் காலை ஏழரைக்குள் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். சத்துவாச்சாரியில் எங்கள் மாடியில் கோடைக்காலம் என்றால் ஒன்பதுக்கு மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. கிழக்கே சூரியன், மேற்கே நல்ல உயரத்தில் வெளிறிப்போன நிலா.

பழத்தைக் குச்சியில் குத்தி, கையை நிலா பக்கம் நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பழம் நிலாவை ஒட்டினாற்போலத் தெரியும்படி பிடியுங்கள். பழத்தின்மேல் வெயில் படவேண்டும். முதல் தடவை நான் தண்ணீர் டேங்க் நிழலில் நின்றுகொண்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று கால்மணி நேரம் முழித்தேன்.

வெயிலுக்கு நகர்ந்ததும் பழத்தில் அதே பிறை! அதே பக்கம் வெளிச்சம், அதே சாய்வு. சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது, நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில். அதனால் நிலாவுக்கும் உங்கள் கைப்பழத்துக்கும் வெயில் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்துதான் வருகிறது. பழத்தின் இருண்ட பக்கம் வெயில் படாத முதுகு. நிலாவின் இருட்டும் அதேதான். பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்த்திசையில் எங்கோ கிடக்கிறது.

மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். நிலா சூரியன் பக்கமாக, நீட்டிய கையின் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். முஷ்டி என்பது சுமார் 10 டிகிரி. சூரியனோடு ஒப்பிட்டால் சந்திரன் இப்படி 12 டிகிரி நகர்வதுதான் ஒரு திதி. 30 திதியில் ஒரு சுற்று, சுமார் 29½ நாள்.

பழத்தை ரசத்துக்குப் பிழிந்துவிடாதீர்கள், ராத்திரிக்கு வேண்டும். இருட்டறையில் ஒரே ஒரு பல்பு, தலை உயரத்தில். உங்கள் தலைதான் பூமி. பல்பைப் பார்த்தபடி பழத்தை நீட்டினால் அமாவாசை. இடப்பக்கமாகக் கால்சுற்று திரும்பினால் வளர்பிறை அஷ்டமி. பல்புக்கு முதுகைக் காட்டினால் பௌர்ணமி. ஆனால் உங்கள் தலை நிழல் பழத்தில் விழும். அதுதான் சந்திர கிரகணம். பழத்தைக் கொஞ்சம் தூக்குங்கள், முழுநிலா.

நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் இந்தத் தூக்கல் தானே நடந்துவிடுகிறது. சூரியன் நகர்வதாகத் தெரியும் பாதையை அது வெட்டும் இரண்டு புள்ளிகளுக்குப் பஞ்சாங்கத்தில் பெயர் ராகு, கேது. அதில் ஒன்றின் பக்கத்தில் பௌர்ணமியோ அமாவாசையோ வந்து சேர்ந்தால்தான் கிரகணம்.