கோவில் அலுவலக சர்வரில் மரியாடிபி: இணைப்பும் லாகினும்

உறுப்பினர் பதிவேடு, காவடி ரசீது, தமிழ்ப் பள்ளி மாணவர் பட்டியல் மூன்றையும் ஒரே உபுண்டு (லினக்ஸ்) கணினியில், மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருளில் வைத்து, கவுன்டர் மடிக்கணினிகளிலிருந்து திறக்க வேண்டும். டர்பன் பக்கத்துக் கோவில் அலுவலகங்களுக்கு இது தாராளம். மாதாமாதம் ராண்ட் கட்டி கிளவுட் வாங்கத் தேவையில்லை.

முதலில் சர்வருக்கு மாறாத ஐபி முகவரி வேண்டும். ரௌட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் (ஒரு கணினிக்கு எப்போதும் ஒரே முகவரி தரும் ஏற்பாடு) போட்டு, 192.168.1.10 என்பதுபோல் ஒன்றை ஒதுக்குங்கள். இதை விட்டால், மின்வெட்டு முடிந்து கரன்ட் வந்ததும் ரௌட்டர் வேறு முகவரி கொடுத்துவிடலாம்.

நிறுவியவுடன் மரியாடிபி தன் கணினிக்குள்ளிருந்து, அதாவது 127.0.0.1 வழியாக, வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில், எந்த முகவரியில் இணைப்பை ஏற்பது என்று சொல்லும் பைண்ட்-அட்ரஸ் வரியை 0.0.0.0 (எல்லா முகவரியிலும்) என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 192.168.1.10 என்றே எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். கரன்ட் வந்து கணினி எழும்போது நெட்வொர்க் தயாராகும் முன்பே மரியாடிபி கிளம்பினால், அந்த முகவரி கிடைக்காமல் தொடங்காமலே நின்றுவிடும். கட்டுப்பாட்டை ஃபயர்வாலில் வையுங்கள்: மரியாடிபியின் போர்ட் 3306, 192.168.1.0/24 நெட்வொர்க்குக்கு (192.168.1 என்று தொடங்கும் அலுவலக முகவரிகளுக்கு) மட்டும். ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து சர்வருக்கு நேரே வழி திறப்பது) கூடவே கூடாது. வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் மறைகுறியிட்ட தனி இணைப்பு).

அடுத்தது லாகின். மரியாடிபியில் பெயர் மட்டும் கணக்காகாது. எந்த ஹோஸ்டிலிருந்து (கணினியிலிருந்து) வருகிறார் என்பதும் சேர்ந்தே கணக்கு. லோக்கல்ஹோஸ்டுக்கு (அதாவது சர்வருக்கே) உருவாக்கிய கணக்கு மடிக்கணினியிலிருந்து நுழையாது. ஹோஸ்ட் பகுதியில் 192.168.1.% என்று போடுங்கள். வெறும் % என்றால் எந்த ஹோஸ்டும் என்று பொருள், அப்படிப் போடுவது சோம்பேறித்தனம்.

எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கை எவரிடமும் கொடுக்காதீர்கள். கவுன்டர் கணக்குக்கு அந்த ஒரு தரவுத்தளத்தில் செலக்ட் (பார்க்க), இன்சர்ட் (சேர்க்க), அப்டேட் (திருத்த) உரிமைகள் போதும். டெலீட் (பதிவை அழிக்க), டிராப் (அட்டவணையையே நீக்க) வேண்டாம். தவறான ரசீதை அழிப்பதைவிட ரத்து என்று குறிப்பதே கணக்குக்கும் நல்லது. ஆளுக்கொரு கணக்கு, 16 எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்டு. அதை கான்ஃபிக் கோப்பில் எழுதினால் கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக இருக்கட்டும். பாஸ்வேர்டில் # இருந்தால் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் # முதல் மீதியெல்லாம் குறிப்பாகக் கருதப்பட்டு வெட்டுப்படும். இதெல்லாம் மிகையல்ல: தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவில் ஒருவரின் சமய நம்பிக்கை சிறப்புத் தனிநபர் தகவல். கோவில் உறுப்பினர் பட்டியலே அதைச் சொல்லிவிடுகிறது.

சோதனையைச் சர்வரில் செய்யாமல் மடிக்கணினியிலிருந்து செய்யுங்கள். 2002 அல்லது 2003 என்ற பிழை வந்தால் சர்வரையே எட்டவில்லை: உடனே மறுத்தால் மரியாடிபி ஓடவில்லை, அல்லது பைண்ட்-அட்ரஸ் பழையபடியே இருக்கிறது, நெடுநேரம் தொங்கினால் ஃபயர்வாலையோ ஐபியையோ பாருங்கள். 1130 என்றால் அந்த ஹோஸ்டுக்கு அனுமதியே இல்லை. 1045 என்றால் பாஸ்வேர்டு தவறு, அல்லது அந்தப் பெயரும் ஹோஸ்டும் சேர்ந்த கணக்கு இல்லை. 1142 வந்தால் மகிழுங்கள்: லாகின் சரி, அந்த அட்டவணையில் அந்த வேலைக்கு மட்டும் உரிமை தரவில்லை.

கடைசியாக ஒரு தமிழ்ப் பெயரைப் பதிந்து, திரும்ப எடுத்துப் பாருங்கள். அட்டவணை, இணைப்பு இரண்டின் எழுத்துக் குறியாக்கமும் தமிழைத் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். ஒன்று தமிழ் எழுத்தில்லாத லேட்டின்1 ஆக இருந்தாலும் பெயர் கேள்விக்குறிகளாகப் பதிந்துவிடலாம். அப்படிப் பதிந்ததை மீட்க வழியில்லை, ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.