டிராஃப்டில் எந்தப் பொசிஷனுக்கு முன்னுரிமை? அணிகள் தவிர்த்திருக்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைச் சங்கமான என்.எஃப்.எல்., கல்லூரி ஆட்டக்காரர்களை 32 அணிகளுக்கும் பகிர்ந்து தருவதற்காக ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் நடத்துகிறது. ஐ.பி.எல். ஏலத்தைப் போல அதிகப் பணம் கேட்டவருக்கே ஆள் என்ற முறை இங்கே கிடையாது. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு, கோப்பையை வென்ற அணிக்குக் கடைசித் தேர்வு என்று வரிசை வகுத்துக்கொண்டு, ஏழு சுற்றுகளில் ஆட்களை எடுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பொசிஷனை முதலில் எடுப்பது என்று கேட்டால், ஆட்டத்தை ஓரளவு கவனிக்கும் எவரும் உடனே ஒரு பட்டியலைச் சொல்லிவிடுவார். முதலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், அடுத்து அவரைக் காக்கும் டேக்கிள், பிறகு எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் எட்ஜ் ரஷர், அதன்பின் எறிந்த பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர், அவரைத் தடுக்கும் எதிரணிக் கார்னர்பேக் என்று அந்தப் பட்டியல் போகும். அது பெரும்பாலும் சரியான பட்டியல்தான். ஏன் சரி என்பதை மறந்துவிட்டு அதைப் பின்பற்றுகிற அணியும், அதே காரணத்தை மறந்துவிட்டு அதை மீறுகிற அணியும் ஒரே பள்ளத்தில்தான் விழுகின்றன.

அந்தக் காரணம் மைதானத்தைவிடக் கணக்குப் புத்தகத்தில்தான் தெளிவாகத் தெரியும். 2010இல் முதல் தேர்வாக செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குச் சென்ற சேம் பிராட்ஃபோர்டு, ஒரு பந்தைக்கூட எறிவதற்கு முன்பே, ஆறு ஆண்டுகளுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதில் 5 கோடி டாலர் உத்தரவாதத் தொகை. மறு ஆண்டு ஆட்டக்காரர் சங்கத்துடன் போடப்பட்ட புதிய உடன்பாடு புதுவரவுகளின் ஊதியத்துக்கு வரம்பு கட்டியதால், 2011இன் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர்தான் கிடைத்தது. அன்றிலிருந்து ஊதியத்தைத் தீர்மானிப்பது தேர்வு எண்தான், பொசிஷன் அன்று. இரண்டாவதாக எடுக்கப்படுபவர் பந்தை எறிகிறவரா, பந்தோடு ஓடுகிறவரா என்பதைப் பொறுத்து அவருடைய சம்பளம் மாறுவதில்லை. ஆனால் வெளிச்சந்தையில் அதே இரண்டு பொசிஷன்களுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் போன்றது. ஆகவே டிராஃப்டின் மேல்தேர்வு என்பது, சந்தையில் யானை விலை விற்கும் பொசிஷனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மலிவு விலையில் ஆள் வைத்துக்கொள்ளும் உரிமையாகும். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் இன்னோர் ஆளாக மைதானத்தில் வந்து நிற்கிறது.

இதை மறந்ததற்கு 2018ஆம் ஆண்டின் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவர்கள் இரண்டாவது தேர்வில் எடுத்த, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி மிகச்சிறந்த ஆட்டக்காரர் என்பதில் அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 3 கோடியே 12 லட்சம் டாலர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் கிடைத்தது. அதே கோடையில் அனுபவமிக்க ரன்னிங் பேக்கான டாட் கர்லி போட்ட புதிய ஒப்பந்தத்தின் மதிப்பு ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சத்தை ஒட்டியிருந்தது. குவாட்டர்பேக் மேட் ரையனோ ஆண்டுக்கு 3 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டிருந்தார். கழித்துப் பாருங்கள். பார்க்லி தன் பொசிஷனின் உச்சத்திலேயே ஆடினாலும் அணிக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு அறுபது, எழுபது லட்சம். அதே தேர்வில் வரும் ஒரு குவாட்டர்பேக் உச்சத்தில் ஆடினால் மிஞ்சுவது இரண்டு கோடிக்கு மேல். அந்த டிராஃப்டில் ஜாஷ் ஆலன் ஏழாவதாகவும் லமார் ஜாக்சன் 32ஆவதாகவும் போனார்கள். இருவருமே பிற்பாடு என்.எஃப்.எல்.லின் ஆண்டின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வென்றவர்கள். பார்க்லி முதல் பருவத்தில் ஓடியும் பந்தைப் பிடித்தும் சேர்த்து 2,028 கெஜம் கடந்து ஆண்டின் சிறந்த புதுவரவாகத் தேர்வானார். ஜயன்ட்ஸ் அந்தப் பருவத்தை 5 வெற்றி, 11 தோல்வி என்று முடித்தது.

கதையின் பின்பாதிதான் இன்னும் கசப்பானது. 2024இல் பார்க்லி ஜயன்ட்ஸை விட்டு, அதன் நேரடிப் போட்டியாளரான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் மூன்று ஆண்டுகளுக்கு 3 கோடியே 77 லட்சத்துச் சொச்சம் டாலருக்குச் சேர்ந்தார். அந்தப் பருவத்திலேயே 2,005 கெஜம் ஓடினார். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40–22 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்துச் சென்றது. ரன்னிங் பேக்குக்கு மதிப்பில்லை என்ற வாதத்துக்கு இது பதிலடி என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது நேர்மாறாகவே படுகிறது. ஈகிள்ஸ் அவருக்காக ஒரு டிராஃப்ட் தேர்வைக்கூடச் செலவிடவில்லை. எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையை முதலில் கட்டி முடித்துவிட்டு, ஓடுகிறவரைக் கடைசியில் கடையில் வாங்கியது. அந்த வரிசையின் இடது ஓரத்தில் நின்ற ஜோர்டன் மைலாட்டா, ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர். ஜயன்ட்ஸ் இரண்டாவது தேர்வில் பார்க்லியை எடுத்த அதே 2018 டிராஃப்டில், ஏழாவது சுற்றில், 233ஆவது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தவர் அவர்.

ரன்னிங் பேக்கை மேலே எடுப்பது தவறு என்று கற்றுக்கொண்டவர்கள் அடுத்துச் செய்வது, குவாட்டர்பேக் என்ற பெயரைக் கேட்டவுடனே பெட்டியைத் திறந்து கொட்டிவிடுவது. பொசிஷன் முக்கியம் என்பது ஒன்று. இந்த ஆள்தான் அந்தப் பொசிஷனுக்கு உரியவர் என்று நமக்குத் தெரியும் என்பது முற்றிலும் வேறொன்று. 2017இல் சிகாகோ பேர்ஸ் மூன்றாவது தேர்விலிருந்து இரண்டாவதுக்கு ஒரே ஒரு படி ஏறுவதற்காக, அந்த ஆண்டின் 67, 111ஆம் தேர்வுகளையும் அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து மிட்செல் டிரபிஸ்கியை எடுத்தது. அதே மாலையில் பத்தாவதாகப் போனவர் பாட்ரிக் மஹோம்ஸ். 2021இல் சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ், அந்த ஆண்டு உட்பட மூன்று ஆண்டுகளின் முதல்சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் மயாமி அணிக்குக் கொடுத்து, மூன்றாவது தேர்வில் டிரே லான்ஸைக் கொண்டுவந்தது. அவர் அந்த அணிக்காக நான்கே ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 2023இல் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்குக் கைமாறினார். அந்த அணியை 2024 பிப்ரவரியின் இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்ற பிராக் பர்டி, 2022 டிராஃப்டின் 262ஆவது, அதாவது கடைசித் தேர்வு.

பர்டியைப் போல ஒருவர் கடைசியில் கிடைப்பார் என்று காத்திருப்பதும் அறிவுடைமை ஆகாது; அது லாட்டரிச் சீட்டை நம்பிக் குடும்பம் நடத்துவதைப் போன்றது. கவனிக்க வேண்டியது ஏறுவதற்குக் கொடுக்கும் விலையைத்தான். பொருளியலாளர்களான கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்ட் தரவுகளை ஆராய்ந்தபோது, ஒரே பொசிஷனில் அடுத்தடுத்து எடுக்கப்படும் இருவரில் முன்னவர் பின்னவரைவிடச் சிறப்பாக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பானதாக இருக்கக் கண்டார்கள். நாணயம் சுண்டும் உரிமைக்குத்தான் அணிகள் மூன்று ஆண்டுச் சேமிப்பைக் கொடுக்கின்றன. 2023இல் கரோலைனா பேந்தர்ஸ் பிரைஸ் யங்குக்காக முதல் தேர்வுக்கு ஏறியபோது, இரண்டு தேர்வுகளோடு, தன்னிடமிருந்த நல்ல வைட் ரிசீவரான டி.ஜே. மூரையும், 2024இன் முதல்சுற்றுத் தேர்வையும், 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் பேர்ஸுக்குக் கொடுத்தது. பந்தைப் பிடிக்க இருந்த ஆளை விற்றுவிட்டு, எறிகிறவரை வாங்கிய கணக்கு அது. அந்தப் பருவத்தில் கரோலைனா 17 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றதால், விட்டுக்கொடுத்த தேர்வு 2024இன் முதல் தேர்வாகவே முடிந்தது. பேர்ஸ் அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

குவாட்டர்பேக்கை எடுத்த பிறகு அவரைச் சுற்றி ஒன்றும் கட்டாமல் விடுவது இதன் உடன்பிறப்பு. 2002இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்சன்ஸ் டேவிட் காரை முதல் தேர்வாக எடுத்தது. அவருடைய இடப்புறத்தைக் காப்பதற்காக, பழைய அணிகளிலிருந்து ஆள் எடுக்கும் சிறப்பு டிராஃப்டில் டோனி போசெல்லி என்ற பேர்பெற்ற டேக்கிளைச் சேர்த்திருந்தது. ஆனால் தோள் காயத்தால் அவர் ஹூஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கார் அந்தப் பருவத்தில் பந்தோடு 76 முறை மடக்கி வீழ்த்தப்பட்டார். ஒரு பருவத்தில் எந்தக் குவாட்டர்பேக்கும் அத்தனை முறை விழுந்ததில்லை.

இனி, பட்டியலில் உள்ள பொசிஷன் என்பதாலேயே மீண்டும் மீண்டும் அதையே எடுக்கும் தவறு. டெட்ராய்ட் லயன்ஸ் 2003இல் சார்லஸ் ராஜர்ஸ், 2004இல் ராய் வில்லியம்ஸ், 2005இல் மைக் வில்லியம்ஸ் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் பத்துத் தேர்வுகளுக்குள் வைட் ரிசீவரையே எடுத்தது. மூன்றாமவரைப் பத்தாவது தேர்வில் எடுத்தபோது, அடுத்த 11ஆவது தேர்வில் டாலஸ் எடுத்துக்கொண்டவர் டிமார்கஸ் வேர், 138.5 ‘சாக்’ கணக்குடன் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதே சாக்) ஓய்வுபெற்று, பெருமைக்குரியோர் மன்றத்தில் இடம்பெற்றிருக்கும் எட்ஜ் ரஷர். ஒரு பொசிஷனின் மதிப்பு, அதில் அணி ஏற்கெனவே எவ்வளவு செலவிட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துக் குறைந்துகொண்டே வரும். 2007இல் லயன்ஸ் மீண்டும் ஒரு வைட் ரிசீவரை எடுத்தது. அவர் கேல்வின் ஜான்சன், உண்மையிலேயே மகத்தானவர். 2008இல் அந்த அணி ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் தவறே என்று சொல்லியாக வேண்டும். சின்சினாட்டி பெங்கால்ஸின் குவாட்டர்பேக் ஜோ பரோ 2020இல் தன் முதல் பருவத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். ஆகவே 2021இன் ஐந்தாவது தேர்வில் டேக்கிள் பெனே சூவலை எடுப்பதே முறை என்று பலரும் வற்புறுத்தினார்கள். பெங்கால்ஸ், பரோவுடன் கல்லூரியில் ஆடிய வைட் ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தது. சேஸ் 1,455 கெஜம் சேர்த்தார். பரோ 51 முறை வீழ்த்தப்பட்டார். அணி இறுதி ஆட்டத்துக்குச் சென்று, அங்கே அவர் மேலும் ஏழு முறை விழ, 23–20 என்று ராம்ஸிடம் தோற்றது. ஏழாவதாக டெட்ராய்ட் எடுத்த சூவலும் தன் பொசிஷனில் தலைசிறந்தவர்களுள் ஒருவராக வளர்ந்தார். இதில் யார் தவறு செய்தார்கள் என்று கேட்டால், ஒருவரும் இல்லை என்பதே என் விடை. அவர்களுக்கு ஒரு தேர்வு முன்னால், நான்காவதில், அட்லாண்டா கைல் பிட்ஸை எடுத்ததைத்தான் கேள்வி கேட்க வேண்டும். எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் எவரும் டிராஃப்டில் அதற்குமுன் அவ்வளவு மேலே போனதில்லை. பிட்ஸ் முதல் பருவத்தில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார் என்பது உண்மைதான். ஆனால் சேஸ், சூவல், கார்னர்பேக் பாட்ரிக் சர்ட்டெய்ன், 12ஆவதாகப் போன மைக்கா பார்சன்ஸ் ஆகிய அனைவரும் அப்போது மேசையில் இருந்தார்கள். டைட் எண்டுகளிலோ டிராவிஸ் கெல்சி மூன்றாம் சுற்றிலும் ஜார்ஜ் கிட்டில் ஐந்தாம் சுற்றிலும் கிடைத்தவர்கள்.

ஒரு பொசிஷன் பின்சுற்றுகளிலும் கிடைக்குமா என்ற இந்தக் கேள்வியை அணிகள் கேட்க மறப்பது பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் கிக்கர், பன்டர் விஷயத்தில் வேடிக்கையாகவே முடிகிறது. 2016இல் டாம்பா பே பக்கனியர்ஸ் படியேறி வந்து இரண்டாம் சுற்றில் கிக்கர் ராபர்ட்டோ அகுவாயோவை எடுத்தது. முதல் பருவத்தில் அவர் 31 முயற்சிகளில் 22ஐ மட்டுமே கம்பங்களுக்கிடையே செலுத்தினார், அடுத்த பருவம் தொடங்குமுன் நீக்கப்பட்டார். 2012இல் எந்த அணியும் எடுக்காமல் விட்ட ஜஸ்டின் டக்கர், பால்டிமோரில் நெடுங்காலம் ஆடிப் புகழ்பெற்றார். அதே 2012இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் மூன்றாம் சுற்றின் 70ஆவது தேர்வில் பன்டர் பிரையன் ஆங்கரை எடுத்தது. ஆங்கர் மோசமான ஆட்டக்காரர் அல்லர். பல்லாண்டுகள் நின்று ஆடியவர். ஆனால் ஐந்தே தேர்வுகள் தள்ளி, 75ஆவதாக, சியாட்டில் ஒரு குட்டையான குவாட்டர்பேக்கை எடுத்தது. அவர் பெயர் ரசல் வில்சன். இரண்டாவது பருவத்திலேயே, டென்வரை 43–8 என்று நசுக்கி, அந்த அணிக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்தார்.