பூனைக்கு ரத்தசோகையா? டானிக் வாங்குமுன் இதைச் செய்யுங்கள்

எங்கள் வீட்டுக் கறுப்பி சோர்ந்து படுத்தபோது, கோலாலம்பூர் செந்தூலில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் இரும்புச்சத்து டானிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. ரத்தசோகை தனி நோயல்ல, வேறொன்றின் விளைவு. அந்த வேறொன்று பல நேரம் வைரஸ்.

1. ஈறைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கறுப்புப் பூனைக்கு ஈறே கருமையாக இருக்கலாம், அப்போது நாக்கைப் பாருங்கள். வெளுத்திருந்தால் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டர். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணவே வேண்டாம், கிளம்புங்கள்.

2. ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்ற வரி, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும். நல்ல பூனைக்கு ஏறக்குறைய 25 முதல் 45.

3. ரெட்டிகுலோசைட். நான் திணறியது இங்கேதான். எண் குறைவு என்று பி.சி.வி. சொல்லும், ஏன் என்று சொல்லாது. ரெட்டிகுலோசைட் என்பது எலும்பு மஜ்ஜை புதிதாக அனுப்பிய இளம் சிவப்பணு. அது நிறைய இருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது. ரத்தம் எங்கோ கசிகிறது அல்லது அழிகிறது. தெள்ளுப்பூச்சி, அடிபட்ட காயம், சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா கிருமி எல்லாம் இந்தப் பக்கம். குறைவாக இருந்தால் மஜ்ஜையே சோர்ந்துவிட்டது: சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நோய், பூனை லுக்கேமியா வைரஸ். ஒரு சிக்கல் உண்டு. திடீரென ரத்தம் போனால் மஜ்ஜை விழித்துக்கொள்ளச் சில நாட்கள் ஆகும். அதற்குள் எடுத்த ரிப்போர்ட் 'குறைவு' என்றே காட்டும். மறுபடி எடுக்கலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ரெட்டிகுலோசைட்டும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

4. வைரஸ் சோதனை. கறுப்பிக்குக் குறைவு என்பதால் இதற்குப் போனோம். சில சொட்டு ரத்தம், பத்து நிமிடம். லுக்கேமியா வைரஸ், எஃப்.ஐ.வி. (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) இரண்டும் ஒரே கிட்டில் தெரியும். முன்னதற்கு வைரஸின் புரதத்தையே தேடுகிறார்கள், பின்னதற்கு வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அதனால் குட்டிக்கு எஃப்.ஐ.வி. பாசிட்டிவ் வந்தால் அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். ஆறு மாதம் தாண்டி மறுபடி பார்க்க வேண்டும். லுக்கேமியா பாசிட்டிவ் என்றால் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்து உறுதிப்படுத்துங்கள். கறுப்பிக்கு அதுவும் பாசிட்டிவ்தான். நக்குவதாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் பரவும் என்பதால் மற்ற பூனையைத் தனி அறைக்கு மாற்றினோம். மனிதருக்கு ஒட்டாது.

வைரஸ் இருக்கும் பூனைக்கு மைக்கோபிளாஸ்மாவும் சேர்ந்து இருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு: டாக்ஸிசைக்ளின். மாத்திரை தொண்டையில் தங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும். கொடுத்தவுடன் ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். மாத்திரை போடும் கருவிகளைவிட எனக்கு அந்த சிரிஞ்சே போதும்.

பிறகு சேர்த்தது: காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. அதிலுள்ள பாராசிட்டமால் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். மீன் குழம்புச் சோறும் வேண்டாம். மீன் பரவாயில்லை, அதிலுள்ள வெங்காயமும் பூண்டும்தான் ஆகாது.