உணவகக் கொள்முதலைப் பசுமையாக்க, பில்களிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரில் நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. ஆகவே உணவகம் நடத்துபவர் காகித உறிஞ்சுகுழலில் தொடங்குவதைவிடக் கொள்முதலில் தொடங்குவதே சரி என்பேன். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் சின்னச் சமையலறை வைத்திருப்பவரும் இதைச் செய்யலாம்.

முதல் படி: ஒரு மாத பில்களை எடுத்து, நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். பொருள், எடை, எந்த நாடு, எதில் வந்தது. கடைசிக் கேள்விக்குப் பில்லில் பெரும்பாலும் விடை இருக்காது. சப்ளையரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒரே எடையை ஒரே தூரம் கொண்டுவர, கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு கரியமில வாயுவை வெளியிடுகிறது. கப்பலில் வரும் அரிசிக்கும் பருப்புக்கும் தூரம் பெரிய குறையே அல்ல. விமானத்தில் வந்தவற்றை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். எங்கள் உணவகத்தின் நோட்டில் முதல் வட்டம் முருங்கைக்காய்க்கு விழுந்தது.

ஆட்டிறைச்சியின் கணக்கு வேறு. அதன் கரியமில வாயுச் சுமையில் பெரும்பங்கு ஆடு வளரும்போதே சேர்ந்துவிடுகிறது. எதில் ஏற்றி வந்தாலும் அது குறையாது. ஆகவே பருப்பு, காய்கறிக் குழம்புகளை உணவுப் பட்டியலின் மேலே கொண்டுவாருங்கள்.

இரண்டாம் படி: வட்டமிட்டவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜோகூர் வழியாக லாரியில் வரும் மலேசியக் காய்கறியில் மாற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஒரே நாட்டை நம்பிவிடாதீர்கள். 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது பல அடுப்படிகள் திண்டாடின.

மூன்றாம் படிதான் மனத்தை உலுக்கும். ஏழு நாள், மூன்று வாளி: காய்த்தோல், அடுப்படியில் மிஞ்சியது, இலையில் மிஞ்சியது. தினமும் இரவில் எடை போடுங்கள். எங்களிடம் மூன்றாவது வாளிதான் கனத்தது, அதுவும் சோற்றால். அடுத்த வாரமே முதல் பரிமாறலைக் குறைத்து, கேட்டால் மறுசோறு என்று வைத்தோம். இரண்டு வாரத்தில் அரிசி வாங்கும் அளவே இறங்கிவிட்டது. இங்கே எரித்த குப்பையின் சாம்பல், குப்பை நிரப்பும் இடமான செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 2035 வாக்கில் அந்த இடம் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு.

நான்காம் படி, சப்ளையருடன் பேச்சு. எங்களுக்குக் காய் தந்த ஒருவர் நாளுக்கு மூன்று நடை, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் பையில், அனுப்பிக்கொண்டிருந்தார். வேண்டிய பொருள்களின் முழுப் பட்டியலையும் முந்தைய இரவே அனுப்புவதாக நாங்கள் ஒப்புக்கொண்ட பிறகு, ஒரே நடை, திருப்பித் தரும் கூடை என்று மாறியது.

பழைய எண்ணெயைக் கால்வாயிலோ தொட்டியிலோ ஊற்றவே ஊற்றாதீர்கள். டின்னில் சேர்த்துவைத்தால், பயோடீசல் தயாரிப்புக்காக அதை வாங்கிச் செல்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் அதே நோட்டில் இரண்டாவது வட்டத்துக்குப் போங்கள்.